அல்ஜியர்ஸில் நான் குடிக்காத தண்ணீர்

பாற்கடலில் பள்ளிகொண்டபடியே அடியார் சொல்லும் பொய்களையும் கேட்டிருப்பவனே, இன்று ஒருநாள் என் நாவில் மெய்யாக வந்து நில்.

மார்கழி வளர்பிறை ஏகாதசி. இந்தப் பர்மியத் துறைமுக நகரின் கியாக்டடாப் பகுதியிலுள்ள எங்கள் பஜனை மண்டபத்தில் இன்று மாலை இதை வாசிக்கவிருக்கிறேன்.

இளமையில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். மண்டபத்தில் நான் ஆற்றும் சனிக்கிழமை உரைகளில் அல்ஜியர்ஸ் நகரம் அடிக்கடி வரும். துறைமுகத்திலிருந்து குன்றின்மேல் அடுக்கடுக்காக ஏறும் வெள்ளை வீடுகள். துருக்கியர் காலத்துக் கஸ்பா என்னும் பழைய நகர். வண்டி நுழையாத அதன் படிச்சந்துகளில் குப்பை சுமந்து இறங்கும் கழுதைகள். கடலோரம் பிரெஞ்சுக்காரர் கட்டிய வளைவு மண்டபங்கள். பள்ளிவாசலாயிருந்து, தேவாலயமாக்கப்பட்டு, விடுதலைக்குப்பின் மீண்டும் பள்ளிவாசலான பெருங்கட்டடம். இவற்றை விரித்துரைத்து, படியேறிக் களைத்த எனக்கு ஒரு வீட்டுப் பெண் செம்பில் நீர் தந்ததையும், குலமோ சமயமோ கேளாமல் நான் பருகியதையும் சொல்லி முடிப்பேன். அன்பைப் பாடும் பாசுரங்களுக்கு அதுவே என் விளக்கம். கேட்பவர்கள் கண்கலங்குவர்.

அந்நகரில் நான் கால் வைத்ததே இல்லை.

கப்பல் அங்கு நின்ற மூன்று நாளும், ஆசாரம் கெடும் என்று அறையைச் சாத்திக்கொண்டு பாசுரம் ஓதினேன். படியேறியவரும் நீர் பருகியவரும் எஞ்சின் அறையில் வேலை செய்த தமிழ் முஸ்லிம் நண்பர். அவர் வந்து சொன்னதை எனதாக்கிக்கொண்டேன். பின்னர் அவர் தொலைவில் மௌலமியைன் நகரில் குடியேறியதால், பொய் வெளிப்படும் என்ற அச்சமும் அகன்றது.

சென்ற சனிக்கிழமை, தண்ணீர்க் கதையை முடித்த வேளையில், முன்வரிசைப் பெண்ணொருத்தி கேட்டாள்: “பெரியப்பா, அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு?”

 கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். இந்நகரின் மிங்கலாடோன் பகுதியிலுள்ள மகள் வீட்டுக்கு வந்திருந்த அதே நண்பர்.

“ஆரஞ்சுப்பூ வாசம் அடிச்சுச்சும்மா,” என்றார். “நானும் கூடத்தான் போனேன். சாமி பாதி குடிச்சிட்டு மீதிய எனக்குக் கொடுத்தாரு.”

மண்டபம் சிரித்து மகிழ்ந்தது. நான் தலைகுனிந்தேன்.

பிறகு தேநீர்க் கடையில் கேட்டேன்: “ஏன் பாய் எனக்காகப் பொய் சொன்னீங்க?”

“அத்தனை பேர் முன்னாடி உங்க மானத்த வாங்கி நான் என்ன செய்யப் போறேன்? நீங்கதான் கப்பல விட்டு இறங்காத கப்பலோட்டியாச்சே.” சிரித்துக்கொண்டே தம் கோப்பையிலிருந்து லப்பேயே என்னும் பர்மியப் பால்தேநீரில் பாதியைச் சாசரில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். “இதையாவது குடிங்க, சாமி. ஆறிடும்.”

அவர் வாய்வைத்த தேநீர். என் கை உடனே நீளவில்லை. அந்தத் தயக்கத்தை அவர் பார்த்தார். பார்க்காதவர்போல் தெருப் பேருந்துகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாள் நான் சொன்ன பொய்யைவிட அந்தக் கணமே என்னைச் சுடுகிறது.

குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது.

இன்று மாலை முன்வரிசையில் அவரை அமர்த்தி, கஸ்பாவின் கதையை அவரையே சொல்லச் சொல்வேன். இதைக் கேட்கும், படிக்கும் அனைவருக்கும், நீட்டப்படும் நீரைத் தயங்காமல் ஏற்கும் கைகளைத் திருமால் அருள்க.