விருந்தாளிகளுக்குக் குழையல் சோறு

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு மாலை, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டுக் குசினியில் மீன்கறிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது: நோர்வேயிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளுக்குக் குழையல் சோறு கொடுத்தால் என்ன? மதியம் மிஞ்சிய கறிகளையெல்லாம் சோற்றோடு ஒரே சட்டியில் போட்டுப் பிசைந்து, ஒவ்வொருவர் கையிலும் உருண்டையாக வைப்பாரே அம்மா, அதேதான்.

"உனக்கென்ன விசரே? கடல் கடந்து வந்த சனத்துக்கு மிஞ்சின கறியையே குடுக்கிறது?" அம்மா அகப்பையை ஓங்கினார்.

"குடு, குடு. நாளைக்குப் போறவை இண்டைக்கே போயிடுவினம்," என்றார் அப்பா ஹோலில் இருந்து.

அந்த 'நாளைக்கு'தான் என்னைச் சுட்டது. நான் நோர்வேயில் ஒரு பருவம் படித்தபோது என்னைத் தங்கள் பிள்ளையாகப் பார்த்த குடும்பம் அது. தாய், தகப்பன், ஏழு வயது மகள். ஹோட்டலை ரத்துச் செய்ய வைத்து, எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அடம்பிடித்து அழைத்தவள் நான். அன்று காலை அந்தத் தாய் மெதுவாகச் சொல்லிவிட்டார்: உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறோம், நாளை கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலுக்கு மாறுகிறோம்.

தொந்தரவா? உறைப்பில்லாத கோழி, அவித்த உருளைக்கிழங்கு என்று அம்மா தனிச் சமையலே நடத்திக்கொண்டிருந்தார். அப்படியும் சின்னவள் பாணும் பட்டரும் தவிர எதையும் தொடவில்லை. அந்தத் தாயை விடாமல் துருவிக் கேட்டபோது உண்மை வந்தது. நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி நின்று பரிமாறுகிறோம். அவர்கள் எழும்பிய பிறகு குசினிக்குள் போய்ச் சாப்பிடுகிறோம். எங்களுக்கு அது மரியாதை. சின்னவளோ தாயிடம் கேட்டிருக்கிறாள், இவர்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லையா என்று.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஓங்கிய அகப்பை இறங்கியது. "ஐயோ, அந்தப் பிள்ளை அப்பிடியே நினைச்சது?"

மீனில் முள் பார்த்து எடுத்தார். உறைப்பை அடக்கத் தயிர் விட்டார். பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சேர்த்துப் பிசையத் தொடங்கினார். நான் ஹோலில் பாய் விரித்து, மேசைப் பக்கம் போன எல்லோரையும் இழுத்து வந்து வட்டமாக உட்காரவைத்தேன்.

பழக்கத்தில் அம்மா நின்றபடியே கொடுக்கப் பார்த்தார். "நீங்களும் இருங்கோ அம்மா!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். சின்னவள் உள்ளங்கையை நீட்டினாள். உருண்டை விழுந்தது. மென்றாள். மூக்குச் சிவந்தது. தண்ணீர் குடித்தாள். 'முடிஞ்சுது' என்பதுபோல அப்பா என்னைப் பார்த்தார். அவள் மறுபடியும் கையை நீட்டினாள்!

பிறகு கேட்கவா வேண்டும்! "ஏய், எனக்கும் மிச்சம் வையுங்கோ," என்று அப்பாவே கெஞ்ச வேண்டியதாயிற்று. தானும் பிசைந்து பார்க்கலாமா என்று அந்தத் தகப்பன் கேட்க, நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"முதல்ல கையை வடிவாக் கழுவிப்போட்டு வரச் சொல்லு," என்றார் அம்மா, அவர் விருந்தாளி என்பதையே மறந்து. வென்றுவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சற்று நேரத்தில் அந்தத் தாய் ஹோட்டலுக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னார். வலது கை முழுக்கச் சோறு. போன் இடது கையில்.

வரும் டிசம்பரில் அவர்களுடைய அயல்வீட்டுக் குடும்பமும் சேர்ந்து வருகிறது. எங்கள் ஹோல் போதாது. கட்டடத்து மொட்டைமாடியைக் கேட்டு வைத்திருக்கிறேன். மற்ற மாடிக்காரர்களையும் அவரவர் வீட்டில் மிஞ்சிய கறியோடு வரச்சொல்லப் போகிறேன். "விசர் முத்திட்டுது" என்கிற அம்மா, இதைவிடப் பெரிய சட்டி எங்கே கிடைக்கும் என்றும் விசாரிக்கிறார். ஒரே சட்டியிலிருந்து சேர்ந்து சாப்பிட்டுவிட்டால் வந்தவர்கள் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார்கள் என்று அன்று எனக்குப் பட்டது. அது ஒரு மொட்டைமாடி முழுக்கவும் பலிக்குமா என்று பார்க்கத்தான் எனக்கு இத்தனை அவசரம்.