பாதி பைனரியும் முழுக் குற்றச்சாட்டும்

புது பிராசசரைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் ஒன்றில், நான் சர்வரில் உருவாக்கிய பைனரி, அதாவது ஓட்டத் தயாரான புரோகிராம் ஃபைல், காலையிலிருந்து ஏறவே இல்லை. 'கோப்பை ஏற்ற இயலவில்லை' என்ற ஒரே பதில்தான்.

அந்த சிமுலேட்டரை எழுதியவன் முரளி. பழைய ஆபீசில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவன். எனவே தவறு யாருடையது என்று ஆராயும் அவசியமே எனக்கு ஏற்படவில்லை.

மதியம் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும்போது, சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவில் ஆள் ஏற்ற ஜீப் நின்றது. "தகுதியில்லாதவர்கள் சிமுலேட்டர் எழுதினால் இப்படித்தான் இருக்கும்" என்று பழைய ஆபீஸ் குழுவில் போட்டேன்.

முரளியிடமிருந்து உடனே தனியாக ஒரு செய்தி வந்தது: "சார், ஃபைல் முழுசா டவுன்லோட் ஆச்சான்னு சைஸ் பாருங்க."

பார்த்தேன். பாதிதான் இருந்தது.

நேற்று அதை சர்வரிலிருந்து இறக்கிக்கொண்டே இதே ஜீப்பில் மலையேறினேன். இந்த வளைவைத் தாண்டியதும் சிக்னல் போயிருக்கிறது.

மற்றவர்கள் பார்ப்பதற்குள் பதிவை நீக்கிவிடலாம் என்று விரலை வைத்தபோது ஜீப் கிளம்பிவிட்டது; சிக்னலும் போய்விட்டது.

"நிறுத்துப்பா!" என்று கத்தினேன்.

"இன்னா சார், இங்க இன்னாத்த வுட்டுட்டீங்க?" என்றார் டிரைவர்.

"மானத்தை."

"அத்த திரும்பி வரும்போது எடுத்துக்கலாம் சார். இவங்கல்லாம் புளி மூட்டையோட சந்தைக்குப் போவணும்."

ஜீப்பே சிரித்தது.

கீழே வந்து சிக்னல் பிடித்தபோது, பழைய ஆபீஸ் மொத்தமும் பதிவைப் படித்து முடித்திருந்தது. முதல் லைக் முரளியுடையது. பாதி ஃபைலைப் பற்றி அவன் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாற்காலிக்காக அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்த லைக்கை எப்படி மன்னிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.