ஒரு ஒட்டுகூட விடல

துபாய் ஜெபல் அலியில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியில், மரப்பெட்டி அடிக்கும் கார்பெண்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர். விரல் நுனிகளில் காய்ந்த பசை இன்னொரு தோலைப்போல ஒட்டியிருக்கும். டியூட்டி முடிந்தும், நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் போகமாட்டார். எங்கள் பிரெஞ்சு மேனேஜர் கம்பெனி ஷெட்டில் ஒரு மர விமானம் கட்டிக்கொண்டிருந்தார்; உலகப் போர் முடிந்த காலத்தில், வீட்டிலேயே கட்டிக்கொள்வதற்காகப் பிரான்சில் போட்ட பழைய வரைபடம் ஒன்றை வைத்து. ஒரே ஆள் உட்காரலாம். அதன் இறக்கைகளை ஒட்டியது இவர்தான்.

பசை வைக்கும்போதெல்லாம் இரண்டு மரத்துண்டுகளைத் தனியாக ஒட்டி வைப்பார். மறுநாள் அதைச் சுத்தியலால் உடைத்துப் பார்ப்பார்.

"மரம் கிழியணும் தம்பி, ஒட்டு விடக்கூடாது. ஒட்டு விட்டா மேல போறவன் செத்தான்."

துபாயில் வேலைகள் படுத்துப்போன வருஷம், மேனேஜர் யாரிடமும் சொல்லாமல் நாட்டைவிட்டுப் போய்விட்டார். எங்கள் எல்லோருக்கும் விசா கேன்சல். ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். விமானத்தை உடைக்கும் வேலை இவருக்கே வந்தது.

"வேற ஆளை அனுப்பச் சொல்றேண்ணே" என்றேன்.

"வேணாம்."

சுத்தியலின் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் குனிந்து, உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இறக்கைகள் விறகாகிவிட்டன.

"ஒரு ஒட்டுகூட விடல தம்பி" என்றார்.

ஞாபகத்துக்கு ஒரு துண்டாவது எடுத்துக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் குப்பை வண்டியில் அள்ளிப் போட்டுவிட்டு, சுத்தியலைத் துடைத்து என்னிடம் ஒப்படைத்தார்.