கப்பல் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை வந்தால் அது இரண்டு கப்பல்களைப் பற்றித்தான் வரும். கடலில் போகிற கப்பல்கள் அல்ல, ஆகாயத்தில் நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறவை. அவற்றைச் சூலூரில் தறிக்கொட்டாயை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டவர் மாமா.

மாமா என் அம்மாவின் தம்பி. காந்திபுரத்தில் டிவி விற்கிற கடையில் வேலை. கடையில் ஓரங்கட்டிய ஒரு வீடியோ டெக்கைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து எங்கள் வீட்டில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கேசட்டுகளோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். அவற்றில் இருந்தவை வெளிநாட்டு டிவி தொடர்கள். முதலில் எடுத்ததற்குப் பழைய கப்பல் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். பல வருஷம் கழித்து அதே பெயரில் வேறு ஆட்களை வைத்து எடுத்தது புதுக் கப்பல். எல்லாம் இங்கிலீஷ். பத்தாவது படித்த மாமா டிவி பக்கத்தில் நின்று கதை சொல்லச் சொல்ல நாங்கள் பார்ப்போம்.

பழைய கப்பலில் கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே பாறைதான் கிடக்கும். ஆனால் அதன் தலைவன் விறைப்பாக நிற்பான், சொன்னதைச் செய்வான். புதுக் கப்பலில் ஒரே வெளிச்சம், வழவழப்பு. அதன் தலைவன் தொப்பை வைத்தவன். ஒரு முடிவு எடுப்பதற்குள் பத்துப் பேரிடம் கேட்பான். அப்பா பழைய கப்பல் கட்சி, மாமா புதுக் கப்பல் கட்சி. நான் அப்பா கட்சி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தறிக்கு நூல் சுற்ற உட்கார்ந்தவள் நான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். ஆனால் எந்தக் கப்பலில் எந்தக் கதை எந்த இடத்தில் வரும் என்று மாமாவே என்னைத்தான் கேட்க வேண்டும். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

அந்த வருஷம் ஆடிக்கு அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. வைகாசியில்தான் வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும், ஆவணி பிறந்ததும் மாமியார் வீட்டார் வந்து கூட்டிப்போவதும் எங்கள் பக்கத்து வழக்கம். வந்த புதுப்பெண்கள் சினிமாவுக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். அத்தை எங்கேயும் போகவில்லை. என்னோடு உட்கார்ந்து கப்பல் பார்த்தாள்.

அதிலும் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். அந்தக் கதை இரண்டு கப்பலிலும் உண்டு. வேற்றுக்கிரகத்து ஆட்கள் வழியை மறித்து, உங்களில் ஒருத்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனால் வழி விடுவோம் என்பார்கள். தலைவனும் வாக்குக் கொடுப்பான். பழைய கப்பலில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தியை அந்தப் பாறையில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள். புதுக் கப்பலிலும் ஒருத்தியை விட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆனால் பாதி வழியில் தலைவன் எழுந்து நிற்பான். அந்த இடத்தில் மாமாவின் குரல் தழுதழுக்கும். "ஒருத்திய விட்டுப்போட்டு எந்த ஊருக்குப் போயி என்னத்தப் பண்றது, கப்பலத் திருப்புங்கடாங்கறான்."

கப்பல் திரும்பும். அத்தை மூச்சு விடுவாள்.

"இன்னொருக்கா போடு கண்ணு," என்பாள். டேப் தேய்ந்து கோடு விழுகிற வரைக்கும் போட்டேன்.

அவள் தலை பின்னக் கையைத் தூக்கியபோது மேல்கையில் தழும்புகளைப் பார்த்தேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, வரிசையாக இருந்தன. கேட்டதற்கு எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். எண்ணெய் வரிசையாகத் தெறிக்குமா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆடி முடிய முடிய வீட்டில் பேச்சு குறைந்தது. நான் உள்ளே போனால் அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அப்பா தறிக்கொட்டாயை விட்டு வருவதே இல்லை. கப்பலைப் பற்றி மட்டும் சண்டை கூடிக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டின் முன்னால் அப்பா சொன்னார்.

"அவன் வெத்தல மாத்தி வாக்குக் குடுத்தவன் மாப்ள. நாலு பேரு முன்னால குடுத்த வாக்கு. மாத்திப் பேசுனா அவன் ஒரு ஆளா?"

பழைய கப்பலில் எங்கே வெற்றிலை மாற்றினார்கள் என்று நான் யோசித்தேன்.

"வாக்கு பெருசா, ஆளு பெருசாங்க மச்சான்?" என்றார் மாமா. "புதுக் கப்பல்காரனும் வாக்குக் குடுத்தவந்தானுங்க. திரும்பி வரலியா?"

"அவன் அவளுக்காகத்தான் திரும்பி வந்தான்னு நீ சொல்ற. அவன் மூஞ்சி அப்படிச் சொல்லலியே."

இது தறிக்காரர் பேச்சு. தறி ஓடும்போது பக்கத்தில் கத்தினாலும் காதில் விழாது. வாயசைவையும் கண்ணையும் பார்த்தே பேசிக்கொள்வோம். தறிக்காரர்கள் எல்லாருக்கும் அது வரும், எனக்கும் வரும். வாரநாட்களில் நான் கேசட் போட்டால் அப்பா கொட்டாய் வாசலில் நின்று, தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காமல், டிவியில் தெரிகிற முகங்களை மட்டும்தான் பார்ப்பார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாங்க மச்சான்?" என்று மாமா சீண்டினார்.

"எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

அம்மா சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணி பிறந்து முதல் ஞாயிறு வேன் வந்து நின்றது. அத்தையின் மாமியாரும் வீட்டுக்காரரும், கூட ஒரு பெரியவரும் இறங்கினார்கள். வாழைத்தார், பூ, பலகாரக் கூடை எல்லாம் வந்தன. அத்தையின் பெட்டியை அம்மா காலையிலேயே கட்டி நடைவாசலில் வைத்திருந்தாள். அத்தை உள்ளறையில் கதவை ஒட்டி நின்றாள். கதவுக்கும் நிலைக்கும் இடையில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. காப்பி குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்குத் தறி லீவு. வீடு அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"நேரமாகுதுங்க, வரச்சொல்லுங்க," என்றார் பெரியவர்.

அம்மா இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். அந்த மாமியார் என்னைப் பார்த்து, "ஏன் அம்மணி, உங்கூட்டுல ஏதோ படம் ஓடிக்கிட்டே இருக்கும்னாங்க. போடு, பாக்கலாம்," என்றாள். நான் ஓடிப்போய் டெக் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கையிலும் இரண்டு கேசட்.

"பழசுங்களாப்பா, புதுசுங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவைப் பார்த்தார். காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அப்போதுதான் பஸ்ஸில் வந்திறங்கிய மாமா வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"புதுசப் போடு கண்ணு," என்றார் அப்பா.

சாமி மலையேறியதுபோல் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் சொன்னார். போட்டேன். அத்தை பார்த்துத் தேய்ந்த இடத்திலேயே டேப் நின்றிருந்தது. தொப்பைக்காரன் எழுந்து நின்றான். மாமா வாசலில் இருந்தே அந்த வரியைச் சொன்னார். கப்பல் திரும்பியது.

அப்பா எழுந்தார். நடைவாசலில் இருந்த பெட்டியை எடுத்து உள்ளறைக்குள் தள்ளி வைத்தார்.

"அவ வரமாட்டாளுங்க. கோவிச்சுக்காதீங்க. பேச வேண்டியதப் பெரியவங்கள வச்சுப் பேசிக்கலாமுங்க."

அப்புறம் எழுந்த சத்தத்தை நான் முழுதாகக் கேட்கவில்லை. மாமியார் எழுந்து வாழைத்தாரைத் திரும்ப எடுத்துப்போனது நினைவிருக்கிறது. அத்தையின் வீட்டுக்காரர் உள்ளறையை நோக்கி ஓரடி வைத்ததும் மாமா குறுக்கே வந்து நின்றதும் நினைவிருக்கிறது. வேன் போய்விட்டது. எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம் அப்பா மேல்தான். இத்தனை நாள் பழைய கப்பலுக்காக நானும் அவரும் ஒன்றாக நின்றோம். வெளியாட்கள் முன்னால் கட்சி மாறிவிட்டாரே.

அப்பா கொட்டாய்க்குப் போய், லீவு நாளென்றும் பாராமல் தறிகளை ஓடவிட்டார். மாமா பின்னாலேயே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பா மாமாவிடம் சொன்னது வாயசைவில் தெளிவாகத் தெரிந்தது. "பொய்யாவே இருக்கட்டும் மாப்ள." தோற்ற பிறகும் புதுக் கப்பலைப் பொய் என்கிறாரே, அந்த மட்டுக்கும் பழைய கட்சிக்காரர்தான் என்று கொஞ்சம் ஆறுதலானது. ஆனாலும் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது பேரன் எடுத்துவிட்டேன். போன மாசம் என் மகள் தன் போனில் அந்தப் புதுக் கப்பலைத் தமிழில் போட்டுக் காட்டினாள். அத்தையையும் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் திருப்பூரில் சொந்தமாகத் தையல் யூனிட் வைத்து, தலை நரைத்து, சத்தமாகச் சிரிக்கிறவளாக ஆகிவிட்டாள். தொப்பைக்காரன் எழுந்து நின்றான். எஞ்சினுக்கு வேண்டிய பெட்டி அந்தக் கிரகத்திலேயே தங்கிவிட்டது, அதை எடுக்க வேண்டும், கப்பலைத் திருப்புங்கள் என்றான். இறங்கியதும் முதலில் பெட்டியைத்தான் பார்த்தான். அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளும் ஏறிக்கொண்டாள்.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்கப்பனுக்கு அது மொதல்லயே தெரியும் கண்ணு," என்றாள் அத்தை. போனை வாங்கி, அதே இடத்தை இன்னொரு தடவை போட்டாள்.