துப்பறிவாளர் அழுத அத்தியாயம்

1. கையெழுத்து மட்டும் பாக்கி

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், சாப்பாட்டுக்கடை மெனு எல்லாம் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பக்கம் வடிவமைப்பதுதான் எனக்கு வேலை. புத்தகம் எப்போதாவது வரும். வந்தவற்றில் என்னைப் படாதபாடு படுத்தியது ‘விலாசம் இல்லாத ஆள்’.

அது பழைய அமெரிக்கத் துப்பறியும் நாவல். மலிவு மாத இதழொன்றில் துண்டு துண்டாக வந்து, பிறகு கெட்டி அட்டைப் புத்தகமாகி, அதன்பின் பிரெஞ்சில் சட்டைப்பைக்குள் அடங்கும் பொக்கெட் பதிப்பானது. தமிழாக்கியவர் அந்துவான் ஐயா. பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் ஓடாது என்பதால் பிரெஞ்சிலிருந்து செய்தார்.

கதையில் வரும் தனியார் துப்பறிவாளரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பேசுவார். அடி வாங்கினாலும் நக்கல் குறையாத, யாருக்காகவும் கண் கலங்காத ஆள். தன் தம்பி இறந்தபோது தானும் அழவில்லை என்று ஐயா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சமர்ப்பணப் பக்கம் வேண்டுமா என்று நான் கேட்டதற்குச் சிரித்தார்.

“அதெல்லாம் வேணாம் தம்பி. நம்ம ஆளுக்குப் புடிக்காது.”

மண்டபம் பேசியாயிற்று. கடைக் கண்ணாடிகளில் வெளியீட்டு விழா நோட்டீசும் ஒட்டியாயிற்று. இனி ‘அச்சடிக்கலாம்’ என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தொழிலில் அதற்குப் பொன்-ஆ-திரே என்று பெயர். அதன் பிறகு பிழை கண்டால் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

2. பிரிக்காத பொதி

புரூஃப் பார்த்தவர் சுமதி. புறநகரான கூசேன்வில்லில் இருப்பவர், விமான நிலையத்தில் வேலை. தமிழாக்கத்தில் அமெரிக்கத் தெருக்களெல்லாம் பிரெஞ்சு உச்சரிப்பில் கிடந்தன. சரியான பெயர் பார்க்க ஆங்கில மூலம் வேண்டுமென்றார். உரிமை கொடுத்தவர்கள் அனுமதிக் கடிதத்தோடு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பொதியை நாங்கள் பிரிக்கவே இல்லை. பிரித்துப் படித்த சுமதி என் மேசைக்கு வந்தார்.

“அண்ணை, இஞ்சை ஒரு அத்தியாயமே காணேல்லை.”

நான்தான் விட்டுவிட்டேனோ என்று பதறித் தேடினேன். நல்லவேளை, பிரெஞ்சிலேயே இல்லை. அந்தக் காலத்து மலிவுப் பதிப்புகளில் எல்லாப் புத்தகமும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டுமென்று, துப்பாக்கி வெடிக்காத பக்கங்களை வெட்டிவிடுவார்களாம். இதில் வெட்டுப்பட்ட அத்தியாயத்தில், கொல்லப்பட்ட கூட்டாளியின் அறைக்குத் துப்பறிவாளர் போகிறார். அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைக்கிறார். கடைசிச் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அழுகிறார்.

அது இல்லாமலும் கொலைகாரன் அகப்படுவான். எங்கள் முதலாளியும் அதைத்தான் சொன்னார்.

“கதை விளங்குதுதானே, விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?”

மண்டபத்தை நினைத்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று சுமதி பிடிவாதமாக நின்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

3. மூடிய பேனா

அந்துவான் ஐயா நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, சொந்தப் பேனாவோடு வந்தார். சுமதி ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அந்த அத்தியாயத்தை அப்படியே தமிழில் சொன்னார். பேனாவைத் திறந்து வைத்தபடியே ஐயா கேட்டுக்கொண்டிருந்தார்.

“அழுதாரா?”

“ஓம் ஐயா. கனநேரம்.”

பேனாவை மூடினார். “இவர நல்லா தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். என் தம்பிய அடக்கம் பண்ணப்பகூட இவர நெனச்சுத்தான் அப்படி வெறப்பா நின்னேன்.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் போவதைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அந்த அத்தியாயத்தையும் சேர்க்க வேண்டுமென்று ஐயா சொல்லிவிட்டதால் விழா தள்ளிப்போயிற்று. முதலாளி முணுமுணுத்தபடியே நோட்டீசுகளின் மேல் புதிய தேதி ஒட்டினார். சுமதி வேலை முடிந்து வரும் நாட்களில் ஐயாவும் வந்து, இருவரும் சேர்ந்து அந்த அத்தியாயத்தைத் தமிழாக்கினார்கள். சட்டை மடிக்கும் இடத்தைத் திருத்தித் திருத்தி என் பொறுமையையே சோதித்தார் ஐயா.

மொழிபெயர்ப்பு எது வந்தாலும், எந்தப் பதிப்பிலிருந்து செய்தது, அந்தப் பதிப்பு முழுமையானதா என்று முதலில் கேளுங்கள். பொதி வந்தால் பிரியுங்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

கையெழுத்துப் போட வந்த அன்று ஐயா இன்னொரு திருத்தம் கேட்டார். முன்னால் ஒரு சமர்ப்பணப் பக்கம் சேர்த்து, அதில் தன் தம்பியின் பெயரைப் போடச் சொன்னார். உங்கள் ஆளுக்குப் பிடிக்காதே என்று கேட்டேன்.

“அவரே அழுதுட்டாரு தம்பி. அப்புறம் எனக்கென்ன?”

பெயரைச் சேர்த்துப் பக்கத்தைக் காட்டினேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.