வந்தார், வரவில்லை

ஈப்போவில் காலை ஆறே முக்காலுக்கு வானத்தில் நட்சத்திரம் இருக்கும். கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. ராஜபாளையத்தில் அந்த நேரத்துக்கு மொட்டைமாடிச் சுவரில் வெயில் விழுந்திருக்கும். இங்கே ஏழு மணிக்குப் பிறகுதான் விடிகிறது. ஆனால் பள்ளிக்கூட வேன் அதற்காகக் காத்திருப்பதில்லை. கோப்பெங் சாலையிலிருந்து அது எங்கள் சந்துக்குள் திரும்பும்போது, வீட்டு வாசல்களில் வெள்ளைச் சட்டைகள் மட்டும் தனியாக மிதப்பதுபோலத் தெரியும். அருகில் வந்த பிறகுதான் அவற்றுக்கு முகம் இருப்பது தெரியும். நான் உள்ளே வந்து டைரியில் எழுதுவேன்: "6.42. வேன் வந்தது. தர்ஷினி ஏறினாள்." ஒரே மகள், பதின்மூன்று வயது. அதன் பிறகு மதியம் இரண்டு மணி வரை என் டைரியில் அவளைப் பற்றி எதுவும் இருக்காது.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளி உண்டு. அதற்கு மேல் அரசாங்க இடைநிலைப் பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில்தான். மலாய் போதாத பிள்ளைகளை நேராக முதலாம் படிவத்தில், அதாவது நம் ஏழாம் வகுப்பில், விடாமல், பெராலிஹான் என்று ஒரு வருடம் தனி வகுப்பில் வைப்பார்கள். தர்ஷினியை அதில் போட்டார்கள். அவளோடு இருபத்திரண்டு பேர், பெரும்பாலும் நம் பிள்ளைகள், சில சீனப் பிள்ளைகள். வகுப்பறை, கட்டடத்தின் கடைசியில், சிற்றுண்டிச்சாலையின் சாமான் அறைக்குப் பக்கத்தில் இருந்தது.

பள்ளியைக் குறைசொல்லியே எழுதினால் அது பொய்யாகிவிடும். பாடப் புத்தகங்களைக் காசு வாங்காமல் இரவல் கொடுத்தார்கள். அறிவியல் கூடத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்தது. நான் படித்த பள்ளியில் அறிவியல் கூடம் என்பது பூட்டிய ஒரு கதவு. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் மூத்த மகள் இதே பெராலிஹானில் தொடங்கி இன்று ஈப்போவில் தாதியாக இருக்கிறாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவரின் மகன் அதே வகுப்பில் தொடங்கி மூன்றாம் படிவத்தோடு நின்று டயர் கடைக்குப் போனான். பள்ளியைப் பற்றி யாரைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒரு கதைதான் கிடைக்கும்.

முதல் மாதமே தர்ஷினி சொன்னாள். "இன்னைக்கு சிக்கு வரலம்மா." சிக்கு என்றால் இங்கே ஆசிரியர். மறுநாளும் அதையே சொன்னாள். அடுத்த வாரம் அதைச் சொல்வதையே நிறுத்திவிட்டாள், அது ஒரு செய்தியே இல்லை என்பதுபோல.

கல்யாணத்துக்கு முன் நான் ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வாசலில் டோக்கன் பலகை இருக்கும். வருபவர் தன் எண்ணுள்ள டோக்கனை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஷிப்ட் சங்கு ஊதி ஐந்து நிமிடத்தில் எந்த ஆணியில் டோக்கன் இன்னும் தொங்குகிறதோ, அந்த எண்ணுக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு கோடு. ஏன் வரவில்லை, அவர் இயந்திரத்தை வேறு யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் எங்கள் வேலை இல்லை. ஆறு வருடத்தில் என் பதிவேட்டில் ஒரு அடித்தல் கிடையாது. அதை இன்றும் பெருமையாகத்தான் நினைக்கிறேன். நடந்ததற்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணமோ என்றும் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, பாடவேளை, அட்டவணைப்படி ஆசிரியர், கடைசியில் இரண்டு கட்டங்கள்: வந்தார், வரவில்லை. தர்ஷினி அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "வேற சிக்கு வந்தா எதுல போடறது?"

"அட்டவணைல பேரு இருக்கிறவங்க வந்தாங்களா, இல்லையா? அவ்வளவுதான்" என்றேன்.

கமுந்திங் தொழிற்சாலையில் வேலை பார்த்து வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வரும் என் கணவர் நோட்டைப் புரட்டினார். "வேணாம்லா. இதெல்லாம் கேட்டா நம்ம புள்ளைக்குத்தான் கஷ்டம்" என்றார். சரோஜா அக்கா சிரித்தே விட்டார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவருடைய கடைசி மகள் லோகா தர்ஷினியின் வகுப்புத்தான்.

"என்ன வசந்தி, நீ என்ன கிராணியா? பெரட்டுக்கு நிக்க வச்சி பேரு எழுதுற?"

கிராணி என்பது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. பெரட்டு என்பது விடியும் முன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. "கிராணி புக்கைத் தொறந்தா போதும், ஒரு சத்தம் இருக்காது. எங்கப்பாவுக்கு அந்த புக்கைக் கண்டாலே ஆகாதுலா" என்றார். நான் எழுதுவது முதலாளி பக்கமிருந்து இல்லை, பிள்ளைகள் பக்கமிருந்து என்றேன். "எழுதறவன் எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனார்.

ஆறு வாரம் தர்ஷினி நோட்டை நிரப்பினாள். அந்த ஆறு வாரத்தில் என் டைரியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. "பையில் பிஸ்கட் உறை மூன்று. கண்டித்தேன்." "சவர்க்காரத் தூள் உறை ஒன்று. ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை." இப்படி ஒன்பது குறிப்புகள். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நோட்டில் ஐம்பத்து மூன்று "வரவில்லை" சேர்ந்ததும் பள்ளிக்குப் போனேன். துணைத் தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். தேநீரும் இரண்டு குவேயும் வந்தன. குவே இங்குள்ள இனிப்புப் பலகாரம். என் மலாய் கடைத்தெரு மலாய். அதனால் நோட்டையே அவரிடம் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். கோடுகள் மிக நேர்த்தி என்று கையால் காட்டிச் சிரித்தார். "நந்தி கமி தெங்கோக்" என்றார், பிறகு பார்க்கிறோம் என்று. அந்தச் சிரிப்பை நான் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டேன். டைரியில் "ஆவன செய்வதாகச் சொன்னார்" என்று எழுதியிருக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, சாப்பிடும்போது தர்ஷினி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சிக்கு நோரை மாத்திட்டாங்க."

"யாரு அது?"

அந்தப் பெயர் என் நோட்டில் ஓர் இடத்தில்கூட இல்லை. சிக்கு நோர் தற்காலிக ஆசிரியை. அட்டவணைப்படி எங்கள் பிள்ளைகளின் வகுப்பு அவருக்கு இல்லை. ஆசிரியர் வராத பாடவேளைகளில், தன் ஓய்வு நேரத்தில், அவராகவே வந்து உட்கார்ந்திருக்கிறார். மலாய்ப் புத்தகத்தைத் திறந்தாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று, வீட்டிலிருந்து பிஸ்கட் உறை, சவர்க்காரத் தூள் உறை, பேருந்துச் சீட்டு எதுவானாலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொருவராக அதை உரக்க வாசிக்க வேண்டும். சரியாக வாசித்தவரின் உறை சுவரில் ஒட்டப்படும். வாயே திறக்காத லோகா, ஒரு மிளகாய்த் தூள் உறையை முழுதாக வாசித்து முடித்த அன்று வகுப்பே மேசையைத் தட்டியதாம்.

நோட்டு தலைமையாசிரியர் மேசைக்குப் போயிருக்கிறது. அந்தப் பாடவேளைகளில் வகுப்பை யார் பார்த்தது என்று விசாரித்ததில் சிக்கு நோர் பெயர் வெளியே வந்து, அட்டவணையில் இல்லாதவர் எப்படி அந்த வகுப்பில் இருந்தார் என்ற கேள்வி வந்திருக்கிறது. பள்ளி விடுமுறை முடிந்ததும் அவர் சிலிம் ரிவர் என்ற தூரத்து ஊரில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். சுவரில் இருந்த உறைகளைக் கிழித்துச் சுத்தம் செய்துவிட்டார்கள். இப்போது அட்டவணைப்படி ஆசிரியர்கள் வருகிறார்கள். வந்து, வாசலிலேயே வகுப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்று என் நோட்டு இருந்தால் எல்லாக் கட்டத்திலும் "வந்தார்" என்றுதான் விழும்.

"அந்த அம்பத்து மூணுல பாதிக்கு மேல அவங்கதாம்மா வந்தாங்க" என்றாள். "நான் அன்னைக்கே கேட்டேன்ல, எதுல போடறதுன்னு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். வகுப்பில் அவளைக் "கிராணி மக" என்று கூப்பிடுகிறார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சரோஜா அக்கா வேலிக்கு மேல் சொன்னார். "லோகா மறுபடியும் புத்தகத்தை மூடிட்டா வசந்தி. உன்னைத் திட்ட வரல. சும்மா சொல்றேன்." அவர் திட்டியிருக்கலாம்.

தவறை நானே திருத்துவது என்று முடிவு செய்தேன். பதிவேட்டில் பிழை நேர்ந்தால் பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிட வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். நடந்ததை ஒரு தாளில் எழுதி, கணவரிடம் மலாயில் மாற்றி வாங்கி, மனப்பாடம் செய்து, பஸ் ஏறிப் போனேன். துணைத் தலைமையாசிரியர் இந்த முறை எழுந்திருக்கவில்லை. நோட்டைக் கேட்டேன். அது கோப்பில் போய்விட்டது, தர முடியாது என்றார். தாளை நீட்டினேன். முதல் வரியில் சிக்கு நோர் என்ற பெயரைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. மேற்கொண்டு வாசிக்காமல் தாளை மடித்தார்.

"சுடா துக்கார், புவான். ஜங்கான் ரிசாவ்" என்றார். அவரை மாற்றியாகிவிட்டது, அம்மா, கவலைப்படாதீர்கள்.

எனக்கு நல்ல செய்தி சொல்வதாக அவர் நினைத்தார். மனப்பாடம் செய்தது ஒரு வார்த்தையும் வரவில்லை. "பாகுஸ், சிக்கு நோர் பாகுஸ்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன், அவர் நல்லவர் என்று. மாற்றியது நல்லது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் தலையாட்டினார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வெளியே வரும்போது பள்ளி விட்டிருந்தது. வேன் நிற்கும் மதிலோரம் எங்கள் சந்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். லோகா யாரோ ஒரு சிக்கு நடப்பதுபோல நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். தமிழும் மலாயும் கலந்த கூச்சல். தர்ஷினி சுவரில் கைவைத்துக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "கிராணி மக" என்று கூப்பிட்டாலும் அவளை அவர்கள் விலக்கிவிடவில்லை என்று எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது.

நான் பத்தடி தூரத்தில் வந்தபோது லோகா என்னைப் பார்த்தாள். நடப்பதை நிறுத்தினாள். கூச்சல் நின்றது. யாரும் சொல்லாமலே அவர்கள் மதிலை ஒட்டி ஒருவர் பக்கத்தில் ஒருவராக நின்றார்கள். என் கையில் டைரி இருந்தது. அதை நான் எங்கே போனாலும் எடுத்துப்போவேன். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"போலாமா தர்ஷினி? அம்மாகூட பஸ்ல வர்றியா?"

அவள் லோகாவுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

"வேன்லயே வாரேன்மா" என்றாள், வரிசையிலிருந்து நகராமல்.

அன்றைய குறிப்பு இவ்வளவுதான்: "1.52. வேன் வந்தது. தர்ஷினி ஏறினாள். நான் பஸ்ஸில் வந்தேன்."