நாலு கால்களைப் படம் பிடித்த கதை

அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் சிலம்பத்தைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்தேன். கேமரா, மைக், பைக் மூன்றும் என்னுடையவை. வேறு ஆள் கிடையாது.

எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு அக்கா, கண்மாய்க்கரையில் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு தினமும் கம்பு வீசுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பருத்தி எடுக்கப் போகிறவர்கள், தறிக்குப் போகிறவர்கள், ஒரு டீச்சர் என்று கலவையான கூட்டம். நாலு மாதம் எடுத்தேன். சாயங்கால வெயிலுக்கு எதிரே கம்பு சுழல்வதை மெதுவாக ஓடவிட்டால் அவ்வளவு அழகாக இருக்கும். அதை லேப்டாப்பில் ஏற்றி, அக்காவின் ஆட்டோ பின்சீட்டில் வைத்தே அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

கடைசிவரை பார்த்தார். "அழகா இருக்கு தம்பி. ஆனா சண்டை எங்க?" என்றார்.

"இதுதானேக்கா சண்டை?"

"கம்பு எங்கிட்டும் போவும். எதிராளியை ஏமாத்தத்தான் அதைச் சுத்துறது. நான் கம்பைப் பாக்க மாட்டேன். அவுக காலைத்தான் பாப்பேன். உங்க படத்துல ஒருத்தருக்கும் காலே இல்லையே."

முகம் சுண்டிப்போய் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் கேமராவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இடுப்புக்குக் கீழே நான் எதையுமே எடுத்திருக்கவில்லை. நாலு மாத வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த வாரம் கரிசல் மண்ணில் குப்புறப் படுத்தேன். கண்ணிலும் மூக்கிலும் புழுதி. ஒருநாள் முன்வைத்த கால் ஒன்று லென்ஸில் இடித்தது. ஆனால் மெல்ல மெல்ல எனக்கும் தெரிய ஆரம்பித்தது. யார் பயப்படுகிறார், யார் பாசாங்கு செய்கிறார், யார் அடிக்கப்போகிறார் என்பதெல்லாம் கம்புக்கு முன்னால் பாதத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

திருச்சுழியில் ஒரு போட்டி நடந்தது. அக்காவுக்கு எதிரே நின்றவர் அந்த ஊர்ப் பெண். நல்ல உயரம், அக்காவைவிடப் பத்து வயது இளையவர். எதிராளியின் உடம்பைக் கம்பால் முதலில் மூன்று முறை தொடுகிறவருக்கு வெற்றி. இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது நான் கேமராவைத் தரையோடு வைத்து நாலு கால்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். உயரமான பெண் வீசுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது குதிகால் கொஞ்சம் எழும்பியது. ஒருமுறை எழும்பியபோது அக்கா பின்வாங்கினார். மறுமுறையும் பின்வாங்கினார். மூன்றாம் முறை குதிகால் எழும்பியதும் அக்காவின் வலது கால் அரை அடி முன்னே போனது. மேலே 'டக்'கென்று ஒரு சத்தம். நாலு கால்களும் நின்றுவிட்டன. ஜெயித்தது யார் என்பதை எழுந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அக்காவின் கம்பு அந்தப் பெண்ணின் தோளில் இருந்தது.

முடித்த படத்தைச் சென்னையில் ஒருவர் பார்த்தார். ஆவணப்படங்களை வாங்கி வெளியிடுகிறவர். "நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் சோகம் வேணும். அழிஞ்சுக்கிட்டிருக்கிற கலைன்னு ஆரம்பத்துல ஒரு குரல் போடுங்க. அந்த அம்மா தனியா நடந்து போற மாதிரி ஒரு ஷாட் வைங்க" என்றார். எனக்குச் சபலம் தட்டாமல் இல்லை. அக்காவிடம் கேட்டேன்.

"அழியுதா? இங்க வாரவுகளுக்குக் கம்பு பத்தாம நான் அலைஞ்சுக்கிட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

சென்னைக்காரரிடம் முடியாது என்று சொன்னேன். பிறகு அவர் போனே செய்யவில்லை.

மதுரையில் ஒரு சின்னப் படவிழாவில் இடம் கிடைத்தது. காலைக் காட்சி. அக்கா தன் ஆட்டோவிலேயே பெண்களில் சிலரை ஏற்றிக்கொண்டு வந்தார். திருச்சுழிப் பெண்ணையும் போன் போட்டு வரவழைத்திருந்தார். அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. போட்டிக் காட்சி வந்தது. பாட்டில்லை, பேச்சில்லை, நாலு கால்கள் மட்டும். குதிகால் முதல்முறை எழும்பியது. இரண்டாம் முறை எழும்பியபோது யாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது கேட்டது. மூன்றாம் முறை எழும்பியதும், இருட்டில் எனக்குப் பின்னால் ஒருவர் மெதுவாக "இப்ப" என்றார். அக்காவின் கால் முன்னே போனது. அரங்கமே கைதட்டியது.

தான் சிலம்பமே பார்த்ததில்லை என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்; படம் தொடங்கி எட்டே நிமிடத்தில் அவருக்குக் கால் பேசுவது புரிந்துவிட்டது. விளக்கு போட்டதும் திருச்சுழிப் பெண் என்னிடம் வந்து, "என் குதிகாலு தூக்குறது இம்புட்டு நாளா எனக்கே தெரியாதுண்ணே. இனி அக்காவுக்குச் சிரமந்தான்" என்றார். பக்கத்தில் நின்ற அக்கா, "வா, பாத்துக்கிருவோம்" என்றார்.

மதியம் பரிசு அறிவித்தார்கள். சிறந்த படம் எங்களுடையது. நான் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டேன். அவர் திருச்சுழிப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினார். மைக்கைக் கொடுத்ததும் தயங்காமல், "ஞாயித்துக்கெழம காலையில எங்க கண்மாய்க்கரையில விளையாடுவோம். ஆசப்பட்டவுக வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். பஸ் நின்ற இடத்திலிருந்து அக்கா ஆட்டோவில் இரண்டு நடையாக அவர்களைக் கரைக்குக் கூட்டிப் போனார். இறங்கியதும் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.